மலிவு விலை பெல்ட் சாண்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்தில் வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் மரப் பொம்மைகளும் சின்ன முக்காலிகளும் செய்கிறேன். ஆறு வருடமாக ஒரே பெல்ட் சாண்டர்தான், அதாவது ஓடும் எமரிப் பட்டையில் கட்டையைத் தேய்க்கும் மெஷின்: 4 அங்குல பெல்ட், பக்கவாட்டில் 6 அங்குல டிஸ்க், அரை எச்.பி. மோட்டார். மேசைமேல் வைத்து ஓட்டும் இந்த ரகம் பல பெயர்களில், பல நிறங்களில் கிடைக்கும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். என்னிடம் இருப்பதைப் பார்த்து வாங்கியவர்கள், வாங்கிவிட்டுத் திட்டியவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் கேட்பது அதே பதினைந்து இருபது கேள்விகள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன்.

படிக்குமுன் மூன்று பெயர்கள். மோட்டார் சுற்றும் உருளை டிரைவ் உருளை. மறுமுனையில் சும்மா சுற்றுவது ஐட்லர் உருளை. இரண்டுக்கும் நடுவே பெல்ட்டுக்கு முதுகு கொடுக்கும் தட்டையான இரும்பை பிளேட்டன் என்பார்கள். நான் முதுகுத்தகடு என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

பெட்டியைப் பிரிச்சு வெச்சிருக்கேன். பிளக் போடறதுக்கு முன்னாடி ஏதாவது பார்க்கணுமா?

பார்க்க வேண்டும். கண்ணில் படும் எல்லாத் திருகையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். முக்கியமாக, டிஸ்க்கை மோட்டார் ஷாஃப்டோடு பிடித்திருக்கும் தலையில்லாத அலன் திருகு. என் மெஷினில் அலன் கீயை நுழைத்ததுமே அது லொடலொடவென்று சுற்றியது. அப்படியே ஓட்டியிருந்தால் டிஸ்க் வழுக்கி ஷாஃப்டையே சிராய்த்திருக்கும். துருப்பிடிக்காமல் இருக்கத் தடவி அனுப்பிய கிரீஸை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் கட்டையிலேயே கறை ஏறிவிடும்.

அடிப்பாகத்தில் இருக்கும் ஓட்டைகள் அலங்காரத்துக்கு இல்லை. 18 மி.மீ. பிளைவுட் பலகையில் போல்ட் போட்டு, பலகையை மேசையோடு கிளாம்ப் வைத்து இறுக்குங்கள். மெஷின் அதிருகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதோடு சரியாகிவிடுகிறது. அப்புறம் எர்த். மூன்று பின் பிளக் இருப்பதும் அதில் எர்த் வருவதும் வேறு வேறு. எலக்ட்ரீஷியனை விட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெல்ட்டுக்கு உள்பக்கம் அம்புக்குறி இருக்கே, மாத்திப் போட்டா என்ன ஆகும்?

அம்பு காட்டுவது பெல்ட் ஓட வேண்டிய திசை. அந்த ரகத்தில் ஒரு முனை இன்னொன்றின்மேல் ஏறி ஒட்டப்பட்டிருக்கும். மாற்றிப் போட்டால் மேல் முனையின் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் கட்டையில் முட்டும். மெதுவாக உரிந்து ஒரு நாள் பட்டென்று அறுந்துவிடும். அம்பே இல்லாத பெல்ட் என்றால், இரண்டு முனைகளையும் முட்ட வைத்துப் பின்னால் டேப் ஒட்டியிருப்பார்கள். அதை எப்படி வேண்டுமானாலும் போடலாம். நான் வாங்குவது இதைத்தான். பாதி தேய்ந்ததும் திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் வெட்டும்.

கடையில் கேட்கும்போது “4-க்கு 36” என்று கேளுங்கள். மில்லிமீட்டரில் 100-க்கு 914. ஒரு அங்குல பெல்ட் போடும் சின்ன மெஷினாக இருந்தால் பெரும்பாலும் 1-க்கு 30, அதாவது 25-க்கு 762. சென்னையில் பாரிமுனைப் பக்கம், லிங்கிச் செட்டி தெருவிலும் செம்புதாஸ் தெருவிலும் ஏறி இறங்கினால் கிடைத்துவிடும்.

பெல்ட் ஒரு பக்கமாவே ஓடி ஓடி, கடைசில கவர்ல உரசுது. எப்படி நிறுத்தறது?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருவது. ஐட்லர் உருளையின் பக்கத்தில் ஒரு திருகு அல்லது குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் உருளை இம்மி சாயும். சாய்வுக்கு ஏற்ப பெல்ட் இடமோ வலமோ நகரும். எல்லோரும் செய்கிற தவறு, பெல்ட் நகர நகரத் திருப்பிக்கொண்டே இருப்பது. திருகின் விளைவு தெரிய நாலைந்து வினாடி ஆகும். அதற்குள் இன்னும் திருப்பினால் எதிர்ப்பக்கம் ஓடிவிடும், அப்புறம் அதைத் துரத்த வேண்டும். கால் சுற்று திருப்புங்கள், பத்து எண்ணுங்கள், பாருங்கள். முதல் தடவை பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றியே முக்கால்வாசி சரிசெய்துவிடலாம். பிறகு சுவிட்சைப் போட்டு உடனே அணைத்து, மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

பெல்ட் ஏன் நடுவில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதித் தலைவலி போய்விடும். உருளையின் நடுப்பகுதி ஓரங்களைவிட இம்மி பருமனாக இருக்க வேண்டும். மேட்டிலிருந்து பெல்ட் சரிந்து விழும் என்றுதான் நமக்குத் தோன்றும், நடப்பது நேர்மாறு. சரிவான பரப்பில் உட்காரும்போது பெல்ட் லேசாக வளைகிறது. அதனால் அடுத்து வந்து ஏறும் பகுதி இன்னும் மேட்டுப்பக்கமாக வந்து ஏறுகிறது. இப்படியே உச்சிக்கு வந்து நின்றுகொள்கிறது. விலை மலிவான மெஷின்களில் இந்த மேடு சரியாகக் கடையப்படுவதில்லை, சிலவற்றில் இல்லவே இல்லை.

திருகைக் கடைசி வரைக்கும் திருப்பிட்டேன். அப்பவும் நிக்கலையே?

அப்படியென்றால் குற்றம் பெல்ட்டிலா மெஷினிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றி, உள்-வெளி மாற்றாமல், இடம் வலமாகத் திருப்பிப் போடுங்கள். அம்புக்குறி உள்ள பெல்ட் என்றாலும் கட்டை வைக்காமல் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம், தப்பில்லை. இப்போது எதிர்ப்பக்கம் ஓடினால் பெல்ட்டின் ஒரு ஓரம் நீளம், குப்பையில் போடுங்கள். அதே பக்கம் ஓடினால் மெஷின்.

மெஷின் என்றால் முதலில் உருளைகளைத் துடையுங்கள். தூளும் பிசினும் ஒரு பக்கம் அப்பிக்கொண்டு தானாகவே ஒரு மேட்டை உண்டாக்கியிருக்கும். அதிலும் தீரவில்லையென்றால் இன்சுலேஷன் டேப். ஐட்லர் உருளையின் நடுவில் இரண்டு அங்குல அகலத்துக்கு ஒரு சுற்று, அதன்மேல் நட்டநடுவில் முக்கால் அங்குலத்துக்கு இன்னொரு சுற்று. டேப்பின் கடைசி முனை, பெல்ட் ஓடும் திசையில் படிந்து போகும்படி இருக்க வேண்டும், எதிர்த்து நிற்கக் கூடாது. மாட்டி ஓட்டினால் அதுவரை அடங்காத பெல்ட் சொன்னபடி நடுவில் வந்து நிற்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

டேப் சூட்டில் இளகும், சில மாதத்தில் பிய்யும். ஆனால் நோய் என்ன என்று அது காட்டிவிட்டது. அதன்பிறகு உருளையை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், நடுவை விட்டுவிட்டு இரண்டு ஓரத்தையும் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் குறைத்துத் தரச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அன்று கடைந்ததுதான், இதுவரை தொல்லை இல்லை.

பெல்ட் மாத்தும்போது சுவிட்சை ஆஃப் பண்ணினாப் போதாதா? பிளக்கையும் கழட்டணுமா?

கழற்றுங்கள். ஒருநாள் கட்டை தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. சரி, வருவதற்குள் பெல்ட்டை மாற்றிவிடலாம் என்று சுவிட்சை அணைக்க மறந்து, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் நெம்புகோலைத் தளர்த்தினேன். பாதிப் பெல்ட் வெளியே இருக்கும்போது கரண்ட் வந்துவிட்டது. விரல் நகத்தோடு போனது. அதைவிட மோசமாகவும் ஆகியிருக்கலாம்.

பழைய சுவிட்சை எடுத்துவிட்டு, கரண்ட் போனால் தானாக விடுபட்டு, மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் சுவிட்ச் போட்டுக்கொள்ளலாம். ‘நோ வோல்ட்’ சுவிட்ச் என்று கேட்டால் கொடுப்பார்கள். மெஷினில் நீங்கள் செய்யும் முன்னேற்றங்களில் முதலாவதாக இதைச் செய்யுங்கள்.

எந்த நம்பர் பெல்ட் வாங்கறது? கடைக்காரர் நீலக் கலர்தான் உசத்திங்கிறார்.

வீட்டு வேலைக்கு 80-ம் 120-ம் போதும். 80 நம்பரில், பெல்ட்டில் ஒட்டியிருக்கும் வெட்டும் பரல் சுமார் 0.2 மி.மீ. இருக்கும், 120-இல் 0.125. உருவம் எடுக்க 80, மழமழப்புக்கு 120. ரொம்பத் தள்ள வேண்டியிருந்தால் 60. பெல்ட்டில் 240 போட்டு நைஸாக்கப் பார்ப்பது வீண் வேலை. வெட்டாது, சூடாகிக் கட்டையைக் கருக்கும். 120-க்கு மேல் கையால் தேய்த்துக்கொள்ளுங்கள்.

நீலம் பெரும்பாலும் ஜிர்கோனியா பரல் ஒட்டியது. நல்ல சரக்குதான், ஆனால் அதன் பரல் உடைந்து உடைந்து புதுக்கூர் காட்ட வேண்டுமானால் நல்ல அழுத்தம் வேண்டும். அவ்வளவு அழுத்த நம் அரை எச்.பி. மோட்டார் விடாது. அழுத்தம் கிடைக்காத ஜிர்கோனியா மழுங்கி வழவழப்பாகிவிடும். மரத்துக்குப் பழுப்பு நிற அலுமினியம் ஆக்சைடே போதும். கிடைத்தால் கனத்த துணி முதுகு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

புது பெல்ட் ரெண்டே நாள்ல பளபளன்னு ஆகி, வெட்டறதை நிறுத்திடுது. டூப்ளிகேட்டா?

பெரும்பாலும் இல்லை, அடைத்துக்கொண்டிருக்கிறது. நகத்தால் கீறிப் பாருங்கள். பளபளப்பு பெயர்ந்து கீழே சொரசொரப்பு தட்டுப்பட்டால் அது பிசினும் தூளும். பெயரவில்லையென்றால் பரலே தேய்ந்துவிட்டது. பேக்கிங் பெட்டிப் பைன் கட்டைதான் இதில் பெரிய குற்றவாளி. சூட்டில் பிசின் உருகிப் பரலுக்கு நடுவே உட்கார்ந்துவிடும். பச்சை காயாத எந்த மரமும் அப்படித்தான். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டத்தைத் தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் பெல்ட் போய்விடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கவும் கூடும், அதனால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வாருங்கள், மெஷினில் வைக்காதீர்கள்.

சுத்தம் செய்ய க்ரேப் ரப்பர் கட்டி விற்கிறார்கள், தேன் நிறத்தில் செங்கல் துண்டு மாதிரி இருக்கும். ஓடுகிற பெல்ட்டில் அதை லேசாக வைத்தால் ரப்பர் உருளையாய்ச் சுருண்டு, பிசினை ஒட்டி எடுத்துக்கொண்டு விழும். பழைய க்ரேப் சோல் செருப்பு கிடைத்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். ஸ்பஞ்ச் மாதிரியான ஹவாய் செருப்பு வேண்டாம். நான் முயன்றபோது பொடிப்பொடியாய் உதிர்ந்து பெல்ட்டிலேயே ஒட்டிக்கொண்டது. இந்த ஒரு ரப்பர் கட்டி வந்தபிறகு எனக்குப் பெல்ட் செலவு பாதிக்கும் கீழே போய்விட்டது.

கட்டையைக் கொஞ்சம் அழுத்தினாலே பெல்ட் நின்னுடுது. மோட்டார் சக்தி பத்தலையா?

மோட்டார் நிற்கிறதா, பெல்ட் மட்டும் நிற்கிறதா? பக்கத்து டிஸ்க்கைப் பாருங்கள். டிஸ்க் சுற்றிக்கொண்டே பெல்ட் மட்டும் நின்றால், மோட்டார்மேல் பழி போடாதீர்கள். பக்கவாட்டு மூடிக்குள் மோட்டாரையும் டிரைவ் உருளையையும் இணைக்கும் சின்ன ரப்பர் பெல்ட் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் கறுப்புப் பொடி கொட்டினால் அது வழுக்கித் தேய்கிறது என்று அர்த்தம். இறுக்க வழியிருந்தால் இறுக்குங்கள், வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள். அதன்மேல் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் பெல்ட் கடையில் எடுத்துத் தருவார்கள். ஒன்று உபரியாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கும் சேர்ந்து நின்றால் மோட்டார் திணறுகிறது. அரை எச்.பி. என்பது சுமார் 375 வாட், மிக்ஸியைவிடக் குறைவு. பெல்ட்டின் வேகத்துக்கு வேலையை விடுங்கள், உங்கள் கைபலத்துக்கு இல்லை. கையை வைக்கும் கனம் போதும் என்று நான் சொல்வது வழக்கம். இன்னொன்று, வோல்டேஜ். இந்த வகை மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். 230-க்குப் பதில் 180 வந்தால் விசை சுமார் 60 சதவீதம்தான் மிஞ்சும். மெல்லிய ஒயரில் இருபது மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டுகிறவர்கள் முதலில் அதை 1.5 சதுர மி.மீ. ஒயராக மாற்றிப் பாருங்கள்.

சக்தியைத் தின்பதில் முதுகுத்தகட்டுக்கும் பங்கு உண்டு. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

சமமா தேய்ச்ச மாதிரி இருக்கு, ஆனா ரெண்டு துண்டைச் சேர்த்து வெச்சா நடுவுல வெளிச்சம் தெரியுதே?

உங்கள் முதுகுத்தகடு சமமாக இல்லை. மலிவு மெஷினில் அது தகட்டை மடித்துச் செய்தது. போல்ட் இறுக்கும்போதே நடுவில் பள்ளம் விழும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு இரும்பு ஸ்கேலை நிமிர்த்திக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். என்னுடையதில் நட்டநடுவில் காகிதம் இரண்டாக மடித்து நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

போல்ட் இறுக்குவதால் வளைகிறதென்றால், தகட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்கலாம். கூல்டிரிங்ஸ் அலுமினியக் கேனை வெட்டினால் பட்டை சுமார் 0.1 மி.மீ. கனம் இருக்கும், ஒன்றிரண்டு வைத்து இறுக்கி, மறுபடி ஸ்கேல் வைத்துப் பாருங்கள். தகடே கோணல் என்றால் கழற்றி எடுங்கள். கனத்த கண்ணாடித் துண்டின்மேல் 120 எமரி பேப்பரை ஒட்டி, தகடு முழுக்க மார்க்கரால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுவிட்டுத் தேயுங்கள். மை போன இடம் மேடு, மை நிற்கும் இடம் பள்ளம். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் பிடித்தது. நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மை கடைசிவரை போகவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

சமமாக்கியபிறகு அதன்மேல் கிராஃபைட் பூசிய கேன்வாஸ் துணியை ஒட்டுங்கள். பெல்ட்டின் துணி முதுகு இரும்பில் உரசுவதைவிட கிராஃபைட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும். சூடு குறையும், மோட்டாருக்கும் சுமை குறையும். மேல் விளிம்பைத் தாண்டி மடித்து ஒட்ட வேண்டும். இல்லையென்றால் பெல்ட்டின் ஒட்டு, துணியின் நுனியைத் தட்டித் தட்டி உரித்துவிடும்.

டிஸ்க் பேப்பரைப் பிரிக்கவே முடியலை. பிசின் அப்படியே நிக்குது. வெல்க்ரோ போட்டுடலாமா?

சூடுபடுத்துங்கள். ஹேர் டிரையர் இருந்தால் இரண்டு நிமிடம். இல்லையென்றால் பழைய பேப்பரிலேயே ஒரு வேண்டாத கட்டையை வைத்து ஒரு நிமிடம் தேய்த்து, அந்தச் சூட்டோடு பிளக்கைக் கழற்றிவிட்டு உரித்தால் முழுசாக வரும். மிச்சப் பிசினைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதுசு ஒட்டுங்கள்.

வெல்க்ரோ வசதிதான், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் இருக்கும் மெத்தை கட்டையின் விளிம்பை உருட்டிவிடும். டிஸ்க்கில் தேய்ப்பதே கூர்மையான விளிம்புக்காகத்தான்.

டிஸ்க் மேசை 90 டிகிரின்னு காட்டுது. கட்டையை வெச்சு மூலமட்டத்தால பார்த்தா இல்லை. எதை நம்பறது?

செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தை நம்புங்கள். அந்த டிகிரி ஸ்டிக்கர் ஏதோ ஒரு கையால் ஒட்டியது. மேசையைத் தளர்த்தி, மூலமட்டத்தை டிஸ்க்கின் இரும்புப் பரப்பில் வைத்துச் சரிசெய்து இறுக்குங்கள். பிறகு ஸ்டிக்கர்மேல் நீங்களே புதுக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். சரிபார்க்க ஒரு வழி: இரண்டு துண்டுகளின் முனையைத் தேய்த்து, ஒன்றைக் கவிழ்த்து முனைக்கு முனை வையுங்கள். தவறு இருந்தால் இரட்டிப்பாகத் தெரியும்.

மேசைக்கும் டிஸ்க்குக்கும் நடுவே அரை நூலுக்கு (சுமார் ஒன்றரை மி.மீ.) மேல் இடைவெளி விடாதீர்கள். சின்னத் துண்டோ விரலோ உள்ளே இழுபடும் இடம் அது. டிஸ்க் கீழ்நோக்கி வரும் பாதியில் மட்டும்தான் கட்டையை வைக்க வேண்டும். மறுபாதியில் வைத்தால் கட்டை எகிறி முகத்துக்கு வரும். விளிம்புப் பக்கம் கருகுகிறது என்றால் ஆச்சரியம் வேண்டாம். 150 மி.மீ. டிஸ்க் நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றினால் அதன் ஓரம் வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பெல்ட் ஓடுவது ஐந்து மீட்டருக்கும் குறைவாக. ஓரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தாமல் கட்டையை நகர்த்திக்கொண்டே இருங்கள்.

பொம்மைச் சக்கரத்துக்கு ஒரு யோசனை. மேசைமேல் ஒரு பலகையைக் கிளாம்ப் செய்து, டிஸ்க்கிலிருந்து சக்கரத்தின் ஆரத்தின் தூரத்தில் தலை வெட்டிய ஆணியை நிறுத்துங்கள். நடுவில் துளையிட்ட சக்கரத்தை ஆணியில் கோத்து மெதுவாக ஒரு சுற்று சுற்றினால் வட்டம் பிசகாது. நாலு சக்கரமும் ஒரே அளவில் வரும்.

தூள் வீடு பூரா போகுது. பொண்டாட்டி திட்டறா. மாஸ்க் மட்டும் போட்டாப் போதுமா?

மாஸ்க் உங்களுக்கு, வீட்டுக்கு வேக்குவம். மெஷினின் தூள் வாய் ஒரு அளவு, வேக்குவம் குழாய் வேறு அளவு, எப்போதும் பொருந்தாது. சைக்கிள் டியூப் துண்டை இரண்டின்மேலும் இழுத்து மாட்டி கிளிப் போட்டால் போதும். நடுவில் மூடி இறுகும் வாளியை வைத்து, காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோன் கூம்பு பொருத்தினால், தூள் வாளியிலேயே விழும், வேக்குவம் பை அடைக்காது. பெல்ட்டுக்குக் கீழே திறந்து கிடக்கும் பக்கங்களை அட்டையால் மூடுங்கள். இந்த ரக மெஷின்கள் தூளைப் பிடிப்பதைவிட இறைப்பதுதான் அதிகம், முழுசாக எதிர்பார்க்காதீர்கள். பிளாஸ்டிக் குழாயில் தூள் ஓடி ஓடி சுருக்கென்று ஷாக் அடித்தால் அது நிலைமின்சாரம். குழாயோடு ஒரு வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தோடு சேர்த்துவிடுங்கள்.

மாஸ்க் என்றால் கைக்குட்டை இல்லை, என்95. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே சேர்த்துவிட்டது. தேக்கு வாசனையாக இருக்கிறது என்று முகர்ந்துகொண்டே தேய்க்கிறவர்களை எனக்குத் தெரியும்.

இதே மெஷின்ல கத்தி, அரிவாள் தீட்டலாமா?

தீட்டலாம், இரண்டு எச்சரிக்கையோடு. முதலாவது தீ. இரும்பு தீட்டினால் பொறி பறக்கும். அது மேலே சொன்ன வாளியில் இருக்கும் மரத்தூளில் விழுந்தால் உடனே எரியாது. உள்ளே கனிந்துகொண்டே இருந்து, நீங்கள் கடையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனபிறகு பற்றும். இரும்பு தொடுமுன் வேக்குவத்தைக் கழற்றுங்கள், மெஷினுக்குள் இருக்கும் தூளையெல்லாம் துடைத்தெடுங்கள், இரும்புக்கென்று தனிப் பெல்ட் வையுங்கள். அதே இடத்தில் அலுமினியமும் தேய்க்காதீர்கள். அலுமினியப் பொடியும் துருப்பொடியும் கலந்தால் அது பட்டாசு மருந்துக்கு அண்ணன்.

இரண்டாவது சூடு. கத்தியின் முனை நீலநிறமானால் அங்கே சுமார் 300 டிகிரி ஏறிவிட்டது, பதம் போய்விட்டது. எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. கையுறை போடாமல் பிடியுங்கள், விரலுக்குச் சுட்டால் தண்ணீரில் முக்குங்கள். பெல்ட் கத்தியின் முதுகிலிருந்து முனைப் பக்கமாக ஓடி விலக வேண்டும். முனையை எதிர்த்து வைத்தால் கத்தி பெல்ட்டைக் கிழிக்கும், இல்லையென்றால் கத்தி பறக்கும். உளிக்கும் இழைப்புளிக்கும் நான் மெஷினைத் தொடுவதில்லை, கல்தான்.

ஓடும்போது ‘கர்ர்ர்’னு சத்தம் வருது. எண்ணெய் விட்டா சரியாகுமா?

பேரிங் போய்விட்டது. எண்ணெய் விட்டால் தூளோடு சேர்ந்து களிம்பாகி இன்னும் கெடும். பெல்ட்டைக் கழற்றி ஐட்லர் உருளையைக் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது மாதிரி விரலுக்குத் தெரியும். பேரிங்கின் பக்கத்தில் எண் இருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள். உதாரணத்துக்கு 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ.; எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அதே அளவுதான்.

இரும்பு மூடி போட்ட ‘இசட் இசட்’ ரகம் வேண்டாம், ரப்பர் சீல் போட்ட ‘டூ ஆர்எஸ்’ கேளுங்கள். மரத்தூள் உள்ளே போகாது. ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் தட்டுங்கள். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் பள்ளம் பதித்துவிடும், புதுசே பழசாகிவிடும்.

சுவிட்ச் போட்டா ‘ம்ம்ம்’னு முனகுது, சுத்த மாட்டேங்குது. மோட்டார் எரிஞ்சுபோச்சா?

இன்னும் இல்லை, ஆனால் அப்படியே விட்டால் எரிந்துவிடும். உடனே அணையுங்கள். பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான் கெட்டிருக்கும். உப்பியிருக்கிறதா, கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றினபிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், வெறும் கையால் முனையைத் தொடாதீர்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக வோல்ட் பார்த்து மாற்ற வேண்டும். தொடக்கத்துக்கு மட்டும் கெப்பாசிட்டர் வேலை செய்யும் மோட்டார் என்றால் உள்ளே ஒரு சுழல் சுவிட்ச் இருக்கும். அதில் மரத்தூள் அடைத்தாலும் இதே முனகல்தான். காயில் கட்டும் கடைக்குப் போனால் பத்து நிமிட வேலை.

வேகம் ஜாஸ்தியா இருக்கு. ஃபேன் ரெகுலேட்டர் போட்டுக் குறைக்கலாமா?

கூடாது. இந்த மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு), வோல்டேஜ் இல்லை. ரெகுலேட்டர் வோல்டேஜைக் குறைக்கும். விசை எப்படி விழும் என்று முன்பே பார்த்தோம். ஃபேனில் மட்டும் அது எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். ஃபேன் மெதுவானால் காற்றின் சுமையும் சேர்ந்து குறைகிறது. சாண்டரில் நீங்கள் அழுத்துகிற அழுத்து குறைவதில்லை. மோட்டார் வழுக்கி, அதிக கரண்ட் இழுத்து, சூடாகி, எரியும்.

உண்மையிலேயே வேகம் மாற்ற வேண்டுமென்றால் அரை எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டாரை டெல்டா என்ற இணைப்பு முறையில் கட்டி, வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஓடும், ஹெர்ட்ஸை மாற்றித் தரும் விஎஃப்டி பெட்டி போட வேண்டும். கத்தி செய்கிறவர்கள் அப்படிச் செய்கிறார்கள். மரத்துக்கு மட்டும் என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

சவுதியிலேர்ந்து மச்சான் ஒரு மெஷின் கொண்டுவந்தார். 230 வோல்ட்தான் போட்டிருக்கு. இங்க ஓட்டலாமா?

தகட்டில் ஹெர்ட்ஸ் பாருங்கள். சவுதியில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ‘50/60’ என்று போட்டிருந்தால் கவலையில்லை. 60 மட்டும் என்றால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், அது பெரிய விஷயமில்லை. அதே வோல்டேஜில் ஹெர்ட்ஸ் குறையும்போது மோட்டாரின் இரும்பு காந்தத்தில் நிறைந்துபோய், சும்மா ஓடும்போதே கூடுதல் கரண்ட் இழுக்கும். சூடுதான் பிரச்சினை. ஐந்து நிமிடம் ஓட்டி, மோட்டார்மேல் கை வைத்துப் பாருங்கள். வைத்த கையை எடுக்கத் தோன்றினால் மோட்டாரை மட்டும் இங்கே கிடைக்கிற ஒன்றால் மாற்றிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்படியே உழைக்கும்.

மழைக்காலத்துல புது பெல்ட்டே ஒட்டு விட்டுப் போகுது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?

வேண்டாம். அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். உருளையில் ஒவ்வொரு முறை வளையும்போதும் விரிசல் விட்டு, ஓட்டத்தில் அறுந்து கையில் அடிக்கும். ஒட்டு விட்ட பெல்ட்டை வெட்டிக் கட்டையில் சுற்றிக் கைத்தேய்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் எமரி பேப்பரைவிட நாலு மடங்கு உழைக்கும்.

பெல்ட்டின் எதிரி ஈரமும் மடிப்பும். பெல்ட்டுக்கு ஏற்றது 40 முதல் 50 சதவீத ஈரப்பதம்; ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் அதற்கு எங்கே போவது? காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். இல்லையென்றால் 4 அங்குல பிவிசி குழாயைச் சுவரில் மாட்டி, அதன்மேல் தொங்கவிட்டுப் பிளாஸ்டிக் பை போட்டு மூடுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்து, சுற்றுக்குச் சுற்று டப் டப் என்று அடிக்கும். ஒரே தடவையில் பத்துப் பெல்ட் வாங்கி அடுக்காதீர்கள், ஒட்டுக்கும் வயது உண்டு. ராத்திரி வேலை முடிந்ததும் நெம்புகோலைத் தளர்த்திவிடுவது என் பழக்கம். பெல்ட்டும் இழுபடாது, டிரைவ் உருளையின் ரப்பரும் ஒரே இடத்தில் அமுங்காது.

இவ்வளவு பாடுபடறதுக்குப் பேசாம பெரிய மெஷினே வாங்கிடலாமே?

என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேசைப் பலகை, கதவுச் சட்டம் என்றால் பெரிய மெஷினும் உதவாது. கட்டைமேல் ஓட்டும் கைச் சாண்டர்தான் வேண்டும். நாள் முழுக்க ஓட்டுகிற பட்டறை என்றால் தாராளமாகப் பெரியது வாங்குங்கள், இந்த மோட்டார் எட்டு மணி நேரத்துக்குச் செய்ததில்லை. வாரத்துக்கு நாலைந்து மணி நேரம், கைக்கு அடங்கும் துண்டுகள் என்றால் இது போதும். நான் இதற்குமேல் போட்டது லேத் கூலி, இரண்டு பேரிங், கிராஃபைட் துணி, சுவிட்ச், ரப்பர் கட்டி. எல்லாம் சேர்த்து மெஷின் விலையில் நாலில் ஒரு பங்கு வராது.

இன்னும் டிஸ்க் மேசை பாக்கி. கூடவே வந்தது ஒரு சாண் அகலம்தான், பொம்மை லாரியின் அடிப்பலகையை வைத்தால் பாதி அந்தரத்தில் நிற்கிறது. 18 மி.மீ. பிளைவுட்டில் பெரிதாக ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன், போல்ட் துளை போட வேண்டும்.